தூங்காத கொழுப்பு

ஏப்ரல் 28, திங்கள்

ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றை, ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடும் இரண்டு பெண்களில் ஒருத்தி மட்டும் ஏன் பருமனாகிறாள்? இன்று பழனாத்தாள் கேட்டார். உயிர்வேதியியலில் முதுகலை, மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியர் வேலை, ஏழாவது ஆண்டாக முனைவர் ஆய்வு. இவ்வளவும் இருந்தும் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

அவர் என் ஆய்வின் பதினோராவது ஆள், கடைசி ஆளும்கூட. சூலூருக்கு அப்பால் தோட்டத்து வீடு, நான்கு கறவை மாடு. வயது 46. எடை 92 கிலோ.

"என் ஓரகத்தி சிவகாமி ஈர்க்குச்சியாட்ட இருப்பாளுங் மேடம். நான் ஒளிச்சு வெச்சுத் திங்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. நீங்க ஊசி போட்டுப் பாத்து அவளுக்கு ஒரு பதில் சொல்லிப்போடுங்."

நான் பார்ப்பது அது அல்ல என்று விளக்கினேன். தொப்புளுக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புக்குள் தலைமுடி போன்ற ஒரு நுண்குழாயைச் செருகி, அதில் உப்புநீரை மெல்ல ஓடவிடுவோம். கொழுப்பு உடையும்போது கிளிசரால் வெளிவரும். அது குழாயின் துளைகள் வழியே உப்புநீரில் சேரும். கால் மணிக்கு ஒரு குப்பி பிடித்து அளப்போம். உப்புநீரில் துளி ஆல்கஹாலும் இருக்கும். பக்கத்து ரத்தக்குழாய்கள் அதை எவ்வளவு வேகமாக எடுத்துக்கொண்டு போகின்றன என்பதை வைத்து அங்கே ரத்த ஓட்டம் எப்படி என்று கணக்கிடலாம்.

"சாராயமுங்களா?"

"ஒரு சொட்டுல நூத்துல ஒரு பங்குகூட இருக்காது."

"அப்ப எங்கூட்டுக்காரரைக் கூப்பிட்டாலும் வரமாட்டாரு."

எடைக்கருவியிலிருந்து இறங்கியவர், "நீங்க எத்தனைங் மேடம்?" என்றார். அடுத்த படிவத்தை நீட்டினேன்.

ஏப்ரல் 30, புதன்

சிலிண்டர் வந்தது. வெறும் வயிற்றில், காப்பி மட்டும் குடித்துவிட்டு, ஐந்தரைக்கு நடக்கப் போனேன். நாற்பது நிமிடம். இரவு ஒரு சப்பாத்தி.

மே 2, வெள்ளி

வழிகாட்டி தேவசகாயம் சார் ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். என்னைவிட ஐந்து வயது இளையவர். நான் அவரைச் சார் என்கிறேன், அவர் என்னை மேடம் என்கிறார். தலைப்பை மாற்றியிருக்கிறார்: தூங்கும் கொழுப்பு.

இதுவரை பரிசோதித்த பத்துப் பருமனான பெண்களின் கொழுப்பு, மெலிந்த பன்னிரண்டு செவிலிய மாணவிகளின் கொழுப்பைவிடக் குறைவாக உடைகிறது. எண்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனாலும் தூங்கும் என்ற சொல்லுக்கு ஆதாரம் இல்லை என்றேன்.

"படிக்கறவங்க மனசுல நிக்கணும் மேடம்."

ஜூன் 30க்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. அன்றோடு பதிவு ரத்து, ஏழு ஆண்டும் போகும். சண்டை போட இது நேரமில்லை. தலைப்பை விட்டுவிட்டேன்.

மே 6, செவ்வாய்

பழனாத்தாளின் சோதனை. ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்தது. பால் சொசைட்டித் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஊசி இறங்கியதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. முடிந்ததும் ஆய்வக உதவியாளர் ஷமீமா வழக்கம்போல் கேண்டீனிலிருந்து இட்லியும் காப்பியும் வாங்கி வந்தாள்.

பழனாத்தாள் இட்லியை எடுத்துக்கொண்டு காப்பியைத் தள்ளி வைத்தார். "இது வேண்டாங். காலைல இருந்து ரெண்டு டம்ளர் ஆச்சு."

நான் குப்பிகளில் எண் எழுதிக்கொண்டிருந்தேன். "என்னிக்குக் காலைல?"

"இன்னிக்குத்தானுங். நாலரைக்குப் பால் கறந்துபோட்டு ஒண்ணு. பஸ்ஸுக்குக் கிளம்பறப்ப ஒண்ணு. ஆறே கால் இருக்குமுங்."

"சர்க்கரை போட்டா?"

"ரெண்டு கரண்டி. அதில்லாம எப்புடிங் குடிக்கறது?"

"வெறும் வயித்தோட வந்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"வெறும் வயிறுதானுங் மேடம். ஒரு வாய் பலகாரம் தொடலீங். காப்பி போயிச் சாப்பாட்டுல சேருமுங்களா?"

ஷமீமாவைப் பார்த்தேன். "நோன்புக்குத்தான் மேடம் அது சேரும்" என்றாள். "மத்த நாள்ல நானும் சேக்கறதில்ல."

மே 7, புதன்

மற்ற பத்துப் பேருக்கும் தொலைபேசினேன். எட்டுப் பேர் காப்பியோ டீயோ குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். பழனாத்தாளோடு ஒன்பது. ஒருவரும் மறைக்கவில்லை. ஒருவருக்கும் அதில் மறைக்க ஏதும் இருப்பதாகவே தோன்றவில்லை. விடியுமுன் எழுந்து வீட்டுக்கெல்லாம் காப்பி போடுகிறவர்கள் அவர்கள்தான். போடுகிறவள் முதல் டம்ளரைக் குடிப்பாள்.

செவிலிய மாணவிகள் விடுதியில் இருக்கிறார்கள். மெஸ் ஏழரைக்குத்தான் திறக்கும். அவர்கள் உண்மையிலேயே வெறும் வயிறு.

சர்க்கரை உள்ளே போனால் இன்சுலின் ஏறும். இன்சுலின் ஏறினால் கொழுப்பு உடைவது அடங்கும். இது முதலாண்டுப் பாடம். ஆண்டுதோறும் நான்தான் நடத்துகிறேன். ஆகவே பருமனுக்கும் மெலிவுக்கும் உள்ள வித்தியாசம் என்று நான் எழுதியிருப்பதில் எவ்வளவு காப்பிக்கும் காப்பியின்மைக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெண்களின் காலை ரத்தச் சர்க்கரை 104, 109, 112 என்று இருந்தது. பருமனானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று கடந்துபோனேன். எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவள் என்று துறையில் எனக்குப் பெயர். இதைச் சந்தேகிக்கவில்லை.

இந்த நோட்டை முன்னால் புரட்டினேன். ஏப்ரல் 30. நானும் "வெறும் வயிற்றில், காப்பி மட்டும்" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

மே 8, வியாழன்

சாரிடம் சொன்னேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சமர்ப்பிச்சிருங்க மேடம். குறைபாடுகள்னு ஒரு பகுதி இருக்குல்ல, அதுல ஒரு வரி. சிலர் காப்பி அருந்தியிருக்கக்கூடும்னு."

"சிலர் இல்ல சார். ஒன்பது பேர். கூடும் இல்ல. அருந்தியிருக்காங்க."

"ஐம்பத்துமூணு நாள்தான் இருக்கு. பதினோரு பேரும் ரெண்டாந்தடவை வயித்துல குழாய் போட்டுக்க வருவாங்களா? வந்தாலும், குடிக்காம வந்தாங்கன்னு எப்படி நம்புவீங்க?"

"நம்ப மாட்டேன். ரத்தத்துல காஃபீன் அளப்பேன்."

சிரித்தார். பிறகு, "ஜூன் இருபதுக்குள்ள முடியலைன்னா பழைய எண்ணோட போகணும். சம்மதமா?" என்றார். சம்மதம் என்று தலையாட்டினேன். பொய்.

அலமாரியில் இருப்பது பதினான்கு நுண்குழாய். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மூன்று மாதம் ஆகும்.

மே 10, சனி

முதலில் காப்பி இவ்வளவு மாற்றம் செய்யுமா என்று பார்க்க வேண்டும். பதினான்கில் இரண்டை எனக்கு ஒதுக்கினேன். என் எண்கள் ஆய்வேட்டில் சேராது.

நேற்று மதியத்திலிருந்து காப்பி இல்லை. தலைவலி. ஷமீமா குழாய் போட்டாள். அவளுக்குக் கை நிதானம்.

"மேடம், எடைக் கட்டம் காலியா இருக்கு."

"தெரியும்."

மூன்று மணி நேரம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். மின்விசிறியில் ஒட்டடை.

மே 12, திங்கள்

இன்று ஆறே காலுக்கு ஒரு டம்ளர் காப்பி, இரண்டு கரண்டி சர்க்கரை. ஏழரைக்குக் குழாய். படிவத்தை வாங்கி எடைக் கட்டத்தில் 89 என்று எழுதினேன்.  ஷமீமா பேனாவை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மே 13, செவ்வாய்

காப்பி நாளில் கிளிசரால் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு குறைவு. காப்பியில்லா நாளில் அது குறையவே இல்லை. மாணவிகளின் சராசரிக்கும் மேலே நின்றது. தவறாகக் கையாண்டேனோ என்று குப்பிகளை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே எண்.

ஓர் ஆள், இரண்டு நாள். இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இரவு இரண்டு மாதத்துக்குப் பிறகு சோறு வைத்துச் சாப்பிட்டேன்.

மே 15, வியாழன்

பதினோரு பேரையும் வரச் சொல்லி, தவறு என்னுடையது என்று சொன்னேன். படிவத்தில் தெளிவாக எழுதாதது நான். வெறும் வயிறு என்றால் என்ன என்று கேட்காமல் விட்டதும் நான். மறுபடி வர யாருக்கும் கட்டாயமில்லை. வந்தால் முந்தைய நாள் மதியத்திலிருந்து காப்பி, டீ கூடாது. சோதனைக்கு ரத்தமும் எடுப்போம். எதற்கெல்லாம் என்று விரிக்கவில்லை.

 பழனாத்தாள் எழுந்தார்.

"ஒரு வெசயம் கேக்கறனுங். மொத வாட்டி வந்த கணக்குல, எங்க கொழுப்பு என்ன பண்ணுதுன்னு எழுதியிருக்கீங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "தூங்குதுன்னு."

"தூங்குதுங்களா?" சுற்றிலும் பார்த்தார். "நாலரைக்கு எந்திரிச்சு ராத்திரி வரைக்கும் நிக்க நேரமில்ல. அது மட்டும் படுத்துத் தூங்குதாமா? எனக்கு மொத நாள் போடுங் மேடம்."

பதினோரு பேரும் தேதி வாங்கிக்கொண்டார்கள்.

மே 20, செவ்வாய்

பழனாத்தாள். சர்க்கரை 88.

காலையில் அவர் அடுப்படிப் பக்கமே போகவில்லையாம். இருபத்துநாலு வருடத்தில் முதல்முறையாக வீட்டில் காப்பி போட வேறு ஆள் வேண்டியிருந்தது. "எங்கூட்டுக்காரரு பாலைப் பொங்க விட்டுட்டு அடுப்பைப் பாத்துட்டு நின்னாரு. சிவகாமி வந்துதான் போட்டா. போட்டு எனக்கும் ஒரு டம்ளர் நீட்டறா பாருங், வேணும்னே."

"என்ன பண்ணினீங்க?"

"பாத்துட்டே பஸ் ஏறிட்டனுங்."

மே 23, வெள்ளி

மூன்று பேர் முடிந்தது. சோதனை முறை வந்தவரைக் காலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் எழுப்பி, "அடுப்புக்கிட்டப் போகாதீங்" என்று சொல்வதைப் பழனாத்தாள் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் கேட்கவில்லை. தடுக்கவும் இல்லை.

தண்ணீர் மோட்டார் பழுது.

மே 29, வியாழன்

இன்று ஒரு குழாய் உள்ளே போகும்போதே முறிந்தது. என் கை. அந்தப் பெண்ணுக்கு வலி. மன்னிப்புக் கேட்டேன். வேறொன்றைப் போட்டு முடித்தோம். இனி மிச்சமிருக்கும் ஆளும் குழாயும் சரிக்குச் சரி. ஒன்று பிசகினாலும் ஓர் ஆள் குறையும். இனிமேல் ஷமீமாவே போடட்டும் என்றேன்.

"அப்பாடா" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஜூன் 12, வியாழன்

பதினோரு பேரும் முடிந்தது. நான் எண்களைப் பார்க்கவில்லை. எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே தடவையில் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆசை வந்துவிடும்.

ஜூன் 16, திங்கள்

காஃபீன் முதலில். பத்துப் பேர் ரத்தத்தில் இல்லை. ஒருவர் ரத்தத்தில் தாராளமாக இருக்கிறது. அவரைக் கணக்கிலிருந்து எடுத்தேன். யார் என்று நானும் ஷமீமாவும் மட்டும் அறிவோம்.

பிறகு கிளிசரால். பத்துப் பேரின் கொழுப்பிலும், மெலிந்த மாணவிகளுடையதைவிட அதிகம். குறைவில்லை, அதிகம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு ஆல்கஹால் கணக்கு. நூறு கிராம் கொழுப்புக்கு ரத்த ஓட்டம், மெலிந்தவர்களில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேல். கொழுப்புக்கும் ரத்தத்துக்கும் இடையே நடக்கும் பரிமாற்றமும் மந்தம். உடைவது உடைகிறது. உடைந்தது ரத்தத்துக்குப் போய்ச் சேரத்தான் நேரமாகிறது, அதுவரை அங்கேயே தேங்கி நிற்கிறது. பழைய எண்களில் இது கண்ணில் படவே வழியில்லை. சர்க்கரை உடைவதையே அடக்கியிருந்தது.

பழனாத்தாள் தொலைபேசியில் கேட்டார். சொன்னேன்.

"அட, பால் கறந்து கேன்ல ஊத்தி ரோட்டோரம் வெச்சாச்சு. சொசைட்டி வண்டிதான் வரலீங். அதுக்கு மாடு கறக்கலைன்னு சொன்னா எப்புடி?"

நான் ஆறு பக்கத்தில் எழுதப்போவது அதுதான். ஆய்வேட்டில் பால் கேனைச் சேர்க்கப்போவதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தேவசகாயம் சார் அரை மணி நேரம் பட்டியல்களைப் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கி, ஐந்தாம் அத்தியாயத்தின் தலைப்பை அவரே அடித்தார். "நல்ல வேளை, நான் சொன்னதைக் கேக்கல நீங்க" என்றார். அவரிடமிருந்து இது பழக்கமில்லை. நன்றி சார் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

மாலை நான்கு பத்துக்குச் சமர்ப்பித்தேன். மூன்று நாள் மிச்சம்.

நவம்பர் 20, வியாழன்

நாளை பத்தரைக்கு வாய்மொழித் தேர்வு. பொதுவில் நடக்கும் தேர்வு என்பதால் யாரும் வரலாம். நான் யாரையும் கூப்பிடவில்லை. துறையிலிருந்து பதினைந்து பேர் வருவார்கள், பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக. சென்னையிலிருந்து வரும் பேராசிரியர் சுந்தரவரதன் ரத்த ஓட்டக் கணக்கைத் துருவுவார். பெரிய மனிதர், கடுமையானவர். நான் ஓரிடத்தில் தடுமாறுவேன். பன்னிரண்டுக்குள் முடியும். ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

தையல்காரர் ரவிக்கையை இறுக்கமாகவே தைத்திருக்கிறார். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

நடந்தது இது.

பத்து இருபதுக்கு மேடையில் கணினியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பட்டுச்சேலையில் ஒன்பது பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். முன்னால் பழனாத்தாள். ஷமீமா கூப்பிட்டிருக்கிறாள். கடைசி இரண்டு வரிசையை அடைத்து உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் ஒட்டிப் போடப்பட்டிருந்தன. பழனாத்தாள் எழுந்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நாற்பது நிமிடம் பேசினேன். ரத்த ஓட்டக் கணக்கைப் பேராசிரியர் சுந்தரவரதன் துருவவே இல்லை. நான் எங்கும் தடுமாறவும் இல்லை. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க முடிவு முழுக்க ஒண்ணை நம்பியிருக்கு. இவங்க நிஜமாவே வெறும் வயித்தோட வந்தாங்க அப்படிங்கறது. என் முப்பது வருஷ அனுபவத்துல, பருமனான ஆளுங்க சாப்பாட்டைப் பத்திச் சொல்றதை நான் நம்பறதில்ல. நீங்க எப்படி நம்பினீங்க?"

பின்வரிசையில் வளையல் சத்தம் நின்றது.

"நம்பல சார். அளந்தேன்" என்றேன். காஃபீன் படத்தைத் திரையில் போட்டேன். "முதல் சோதனையில ஒன்பது பேர் காப்பியோ டீயோ குடிச்சிருந்தாங்க. கேட்டப்ப ஒன்பது பேருமே அதை மறைக்காமச் சொன்னாங்க. சேமிச்சு வெச்ச ரத்தமும் அதே ஒன்பதுதான் காட்டுது. ரெண்டாவது சோதனையில பத்துப் பேருக்குச் சுத்தமா இல்ல. ஒருத்தருக்கு இருந்தது. அவரைக் கணக்குல சேர்க்கல."

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"எவ அவ?" பழனாத்தாள் எழுந்து நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை எதுக்குங்கக்கா பாக்கறீங்க?"

"அஞ்சு மணிக்கு எழுப்பிச் சொன்னேன்ல?"

"அக்கா, உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க."

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். "இவங்க யாரு?"

"இப்ப நீங்க நம்பறதில்லைன்னு சொன்னீங்களே சார்" என்றேன். "அவங்க."

 எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். மேடைப் பக்கம் வரவில்லை. பின்வரிசைக்குப் போனார். "நான் சொன்னது தப்பும்மா" என்றார். பிறகு, அதையும் தேர்வில் சேர்த்துக்கொண்டவர் போல, "உங்க மேடம் என்ன கண்டுபிடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

பழனாத்தாள் பால் கேனையும் சொசைட்டி வண்டியையும் சொன்னார். அவர் இடையில் ஒரு கேள்வி கேட்டார். "வண்டி மெதுவா வர்றதால கேன் நிறையுதா, கேன் பெருகினதால வண்டி பத்தாமப் போச்சா?"

பழனாத்தாள் யோசித்தார். "அது மேடமுக்கே தெரியாதுங்களே. கடைசிப் பக்கத்துல எழுதியிருக்காங்களாமா."

பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆமாம், எழுதியிருக்கிறேன்.

பதினொன்று ஐம்பதுக்கு அவர் முடிவை வாசித்தார். மங்கையர்க்கரசி என்று என் முழுப்பெயரைச் சொல்லி, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறார் என்றார். தேவசகாயம் சார் எல்லாருக்கும் முன்பாகக் கைதட்டினார். அதன்பின் பின்வரிசை தட்டியதில் வேறு எதுவும் கேட்கவில்லை.

பிஸ்கட் கொடுக்கும்போது பழனாத்தாள் என்னிடம் வந்தார். "ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங் மேடம். வீட்டுல காட்டணும்."

பத்துப் பேரை வைத்துப் பெரிதாக எழுத முடியாது என்றேன்.

"முடிஞ்சதை எழுதுங்."

மூன்று வாக்கியம் எழுதினேன். பரிசோதித்த பத்துப் பெண்களிலும் கொழுப்பு உடைவதைக் கண்டோம். உடைந்தது ரத்தத்தில் சேர்வது, மெலிந்த பெண்களில் உள்ளதைவிட மெதுவாக இருந்தது. இவர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை இவர்கள் உடம்பைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

அவர் மூன்றாவதை இரண்டு முறை படித்தார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடச் சொன்னார். போட்டேன்.

நிமிர்ந்தால் மற்ற எட்டுப் பேரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நகல் எடுத்துத் தருகிறேன் என்றேன். கையால் எழுதியதுதான் வேண்டுமாம். ஏழாவதாக வந்தவர் மேசைமேல் குனிந்து மெல்ல, "எனக்குமா மேடம்?" என்றார். காஃபீன் அவருடையது. வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பது தாள். அவர்கள் போன பிறகு பத்தாவதாக ஒன்று எனக்கு எழுதிக்கொண்டேன்.